மின்னஞ்சல் முகவரித் தலைப்புகளைப் பாகுபடுத்தல்

மின்னஞ்சல் முகவரித் தலைப்புகளைப் பாகுபடுத்தல் என்பது, ஒரு மின்னஞ்சலின் தலைப்பகுதியில் எழுத்துச் சரமாக இருக்கும் அனுப்புநர், பெறுநர் விவரங்களை மென்பொருள் படித்து, பெயர் எது, முகவரி எது, ஒரு முகவரி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறியும் செயல் ஆகும். இதைச் செய்யும் நிரல் பாகுபடுத்தி எனப்படும். அஞ்சல் செயலிகள், அஞ்சல் வழங்கிகள், எரித வடிகட்டிகள், இணையத்தளங்களின் பதிவுப் படிவங்கள் ஆகிய அனைத்திலும் இத்தகைய பாகுபடுத்தி ஒன்று இயங்குகிறது.

பார்ப்பதற்கு இது எளிய வேலை. @ குறியின் இடப்பக்கம் பயனர், வலப்பக்கம் ஆள்களப் பெயர், இடையில் காற்புள்ளி வந்தால் அடுத்த முகவரி. பலரும் இவ்வளவே என்று எண்ணி நிரல் எழுதுகின்றனர். ஆனால் முகவரித் தலைப்பின் இலக்கணம் 1970களில் உருவாகி, பழைய வழக்கங்கள் எவற்றையும் முழுதாகக் கைவிடாமல் வளர்ந்தது. ஒரே சரத்தை இரண்டு நிரல்கள் இரண்டு விதமாகப் படித்தால், அஞ்சல் தவறான ஆளுக்குப் போவது முதல், நுழையக் கூடாதவர் அரசுச் சேவை ஒன்றினுள் நுழைவது வரை விளைவுகள் நேரும்.

இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளில் உதாரணம்.பரிட்சை என்ற ஆள்களப் பெயர் பயன்படுத்தப்படுகிறது. ஐகான் அமைப்பு, இலத்தீன் அல்லாத எழுத்துகளில் ஆள்களப் பெயர்கள் இயங்குமா என்று பார்க்க 2007இல் பதினொரு சோதனைப் பெயர்களை நிறுவியது. அவற்றுள் தமிழுக்கு அமைந்தது இது. சோதனை முடிந்தபின் நீக்கப்பட்டதால் இப்பெயரில் இன்று எவருக்கும் அஞ்சல் போகாது.

வரலாறு

1971இல் அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனத்தில் பணியாற்றிய ரே டாம்லின்சன், ஆர்ப்பாநெட் வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி அனுப்பும் நிரலை எழுதினார். பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க அவர் @ குறியைத் தேர்ந்தெடுத்தார். மக்களின் பெயர்களில் அக்குறி வராது என்பது அதற்கு ஒரு காரணம். எனினும் எல்லோருக்கும் அது ஏற்றதாக இல்லை. மல்ட்டிக்ஸ் இயக்குதளத்தில் @ குறியை அடித்தால் அதுவரை தட்டச்சு செய்த வரி முழுவதும் அழிந்துவிடும்.

1973இல் வெளியான ஆர்எஃப்சி 561 என்ற ஆவணம் தலைப்புகளுக்கு முதலில் ஓர் ஒழுங்கு தர முயன்றது. அதன் ஆசிரியர்களுள் டாம்லின்சனோடு, கான்பூர் ஐஐடியின் முதல் மாணவர் அணியைச் சேர்ந்த அபய் பூஷணும் இருந்தார். 1977 நவம்பரில் வந்த ஆர்எஃப்சி 733, @ குறியையும் ‘அட்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் ஒருசேர ஏற்றது. 1982 ஆகத்து மாதம் டேவிட் கிராக்கர் எழுதிய ஆர்எஃப்சி 822 அச்சொல்லை விலக்கி @ குறியை மட்டும் நிலைநிறுத்தியது. மின்னஞ்சல் முகவரியின் இன்றைய வடிவம் பெரும்பாலும் இந்த ஆவணத்தினுடையது.

இதே காலத்தில் யூயூசிபி வலையமைப்பில் வேறொரு வழக்கம் இருந்தது. அங்கே செய்தி கடந்து செல்ல வேண்டிய கணினிகளின் பெயர்களை வியப்புக்குறி இட்டு வரிசையாக எழுதினர். இரு வழக்கங்களும் கலந்து, மதுரை!கயல்@உதாரணம்.பரிட்சை என்பது போல ஒரு முகவரி வந்தால், முதலில் மதுரைக்கு அனுப்புவதா, உதாரணத்துக்கு அனுப்புவதா என்பதில் வழங்கிகளுக்குள் ஒற்றுமை இல்லை. எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில் நிரலின் அமைவுக் கோப்பு, படிப்போரை மிரட்டும் அளவுக்குச் சிக்கலானதற்கு இந்த முகவரிக் கலப்பும் ஒரு காரணம்.

ஆர்எஃப்சி 822இன் இடத்துக்கு 2001இல் ஆர்எஃப்சி 2822 வந்தது. 2008 அக்டோபரில் ஆர்எஃப்சி 5322 வந்தது. இரண்டையும் தொகுத்தவர் பீட்டர் ரெஸ்னிக். இவை ஒரு புதிய உத்தியைக் கையாண்டன. நிரல்கள் எழுத வேண்டிய இலக்கணம் ஒன்று. படிக்க வேண்டிய இலக்கணம் வேறொன்று. வழக்கொழிந்த வடிவங்களை எவரும் இனி எழுதக் கூடாது, ஆனால் வந்தால் ஏற்க வேண்டும் என்று அவை விதித்தன. பழைய அஞ்சல்களைக் காப்பாற்றிய இந்த விதியே, பாகுபடுத்தி எழுதுவோரின் சுமையை இருமடங்காக்கியது என்றும் சொல்லலாம்.

முகவரியின் உறுப்புகள்

மின்னஞ்சலுக்கு இருவகை முகவரிகள் உண்டு. வழங்கிகள் ஒன்றோடொன்று பேசும்போது பரிமாறிக்கொள்ளும் முகவரி, கடித உறையின் மேல் எழுதப்படுவதைப் போன்றது. அஞ்சலின் உள்ளே ஃபிரம், டு, சிசி, ரிப்ளை-டு, சென்டர் ஆகிய தலைப்புகளில் இருப்பவை, கடிதத்தாளின் மேற்புறம் எழுதும் ‘அனுப்புநர், பெறுநர்’ போன்றவை. உறையில் ஒரு பெயரும் தாளில் வேறு பெயரும் இருக்கலாம். அதை எஸ்எம்டிபி நெறிமுறை தடுப்பதில்லை. பயனர் திரையில் காண்பது தாளில் உள்ளதை மட்டுமே.

தலைப்பில் வரும் ஒரு முகவரியின் வழக்கமான வடிவம் இது:

கயல்விழி <கயல்@உதாரணம்.பரிட்சை>

இதில் கயல்விழி என்பது காட்சிப் பெயர். கோண அடைப்புக்குள் இருப்பது உண்மையான முகவரி. அம்முகவரியில் @ குறிக்கு முன் உள்ளது உள்ளகப் பகுதி, பின் உள்ளது ஆள்களப் பெயர். காட்சிப் பெயரும் கோண அடைப்பும் இல்லாமல் வெறும் முகவரி மட்டும் வருவதும் செல்லும்.

உள்ளகப் பகுதி 64 பைட்டுகளையும் ஆள்களப் பெயர் 255 பைட்டுகளையும் தாண்டக் கூடாது. அனுப்பும் பாதைக்கு வேறொரு வரம்பு இருப்பதால் முழு முகவரி 254 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும். 2004இல் வந்த ஆர்எஃப்சி 3696, முதல் இரண்டு எண்களையும் @ குறியையும் கூட்டி 320 என்று எழுதிவிட்டது. பின்னர் திருத்தம் வெளியிடப்பட்டும், தரவுத்தளங்களில் 320 என்ற நீளம் இன்றும் காணப்படுகிறது.

உள்ளகப் பகுதிக்குப் பொருள் சொல்லும் உரிமை அதைப் பெறும் வழங்கிக்கே உண்டு. ஜிமெயில் சேவை உள்ளகப் பகுதியில் வரும் புள்ளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை; வேறு பல சேவைகளில் புள்ளி இருக்கும் முகவரியும் இல்லாத முகவரியும் இரு வேறு ஆட்களுடையவை. ஆகவே பாகுபடுத்தி புள்ளிகளை நீக்கித் ‘தூய்மைப்படுத்துவது’ தவறு.

பெயரும் மேற்கோள் குறியும்

காட்சிப் பெயரில் காற்புள்ளி, புள்ளி, அரைப்புள்ளி, அடைப்புக்குறி, @ போன்ற சிறப்புக் குறிகள் வந்தால் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் இட வேண்டும். கீழ்வரும் தலைப்பில் இரண்டு பெறுநர்கள் உள்ளனர்:

"முருகன், செயலாளர்" <முருகன்@உதாரணம்.பரிட்சை>, வள்ளி@உதாரணம்.பரிட்சை

காற்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டும் நிரலுக்கு இது மூன்று துண்டுகளாகத் தெரியும். முதல் துண்டில் மூடப்படாத மேற்கோளும் முருகனின் பெயரும் மட்டும் இருக்கும். அதில் முகவரியே இருக்காது. ‘அனைவருக்கும் மறுமொழி’ அளிக்கும்போது பெறுநர் ஒருவர் காணாமற்போவது, அல்லது ‘செயலாளர்’ என்ற பெயரில் விசித்திரமான தொடர்பொன்று முகவரிப் புத்தகத்தில் சேர்வது, பெரும்பாலும் இப்படி நேர்வதுதான்.

தமிழ்ப் பெயர்களுக்கு இதில் தனித் தொல்லை ஒன்று உண்டு. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டுப் புள்ளி வைப்பது தமிழர் வழக்கம். ச. கயல்விழி என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால், ஆர்எஃப்சி 822இன் இலக்கணப்படி அது பிழை. புள்ளி ஒரு சிறப்புக் குறி. ஆனால் அமெரிக்கர்களும் நடுப்பெயரின் முதலெழுத்துக்குப் புள்ளி வைப்பவர்களே. அதனால் உலகெங்கும் எண்ணற்ற நிரல்கள் இந்தப் பிழையைச் செய்துவந்தன. இறுதியில் ஆர்எஃப்சி 2822, மேற்கோள் இல்லாத பெயரில் புள்ளி வருவதை வழக்கொழிந்த வடிவங்களின் பட்டியலில் சேர்த்து, படிக்கும் நிரல்கள் அதை ஏற்க வேண்டும் என்று விதித்தது. எந்தக் காலத்திலும் முறையான வழக்காக இல்லாத ஒன்று ‘வழக்கொழிந்தது’ என்ற பெயரில் இலக்கணத்துள் வந்தது ஒரு வேடிக்கை.

மேற்கோள் உள்ளகப் பகுதியிலும் வரலாம். "கயல்@வீடு"@உதாரணம்.பரிட்சை என்பது செல்லத்தக்க முகவரி. இதில் முதல் @ குறி பெயரின் ஒரு பகுதி, இரண்டாவதே பிரிப்பான். நடைமுறையில் இப்படி முகவரி வைத்திருப்போர் மிக அரிது. ஆனால் தாக்குபவருக்கு நடைமுறை தேவையில்லை; இலக்கணத்தில் இடம் இருந்தால் போதும்.

கருத்துரைகள், மடிப்புகள், குழுக்கள்

பிறைவடிவ அடைப்புக்குள் வருவது கருத்துரை. கயல்@உதாரணம்.பரிட்சை (கயல்விழி) என்று பெயரைக் கருத்துரையாக எழுதுவது 1980களின் வழக்கம். பழைய அஞ்சல் தொகுப்புகளைப் படிக்கும் நிரல், காட்சிப் பெயர் இல்லாதபோது கருத்துரையைப் பெயராகக் கொள்வது பயன் தரும். ஆனால் கருத்துரை முகவரியின் நடுவிலும் வரலாம், ஒன்றினுள் ஒன்றாகவும் வரலாம். கயல்(நூலகம் (மேல்தளம்))@உதாரணம்.பரிட்சை என்பதும் கயல்@உதாரணம்.பரிட்சை என்பதும் ஒரே முகவரியே.

தலைப்பின் ஒரு வரி 998 எழுத்துகளுக்கு மிகக் கூடாது, 78க்குள் இருப்பது நல்லது என்பது விதி. நீண்ட பெறுநர் பட்டியலை வரி உடைத்து, அடுத்த வரியை ஒரு வெற்றிடத்தோடு தொடங்கி எழுதலாம். இது மடித்தல் எனப்படும். பாகுபடுத்துமுன் மடிப்பை நீக்க வேண்டும்.

குழு என்றொரு வடிவமும் உண்டு. பெயர், முக்காற்புள்ளி, முகவரிகள், இறுதியில் அரைப்புள்ளி என்பது அதன் அமைப்பு:

விழாக்குழு: அமுதா@உதாரணம்.பரிட்சை, பாரி@உதாரணம்.பரிட்சை;

குழுவுக்குள் முகவரியே இல்லாமலும் இருக்கலாம். எல்லாப் பெறுநரையும் மறைநகலில் வைத்து அனுப்பும்போது பெறுநர் தலைப்பில் ‘வெளியிடப்படாத பெறுநர்கள்’ என்ற பொருளில் வரும் ஆங்கிலத் தொடர், முக்காற்புள்ளியும் அரைப்புள்ளியும் தொடர முடிவதைப் பலரும் பார்த்திருப்பர். அது பிழைச் செய்தி அன்று, உறுப்பினரற்ற குழு. 2013இல் ஆர்எஃப்சி 6854 குழு வடிவத்தை அனுப்புநர் தலைப்பிலும் அனுமதித்தது. ஆகவே அனுப்புநர் தலைப்பில் குறைந்தது ஒரு முகவரியாவது இருக்கும் என்று நம்பி எழுதிய நிரல், இன்றைய விதிப்படி நம்பக் கூடாததை நம்புகிறது.

குறியேற்றிய சொற்கள்

மின்னஞ்சல் தலைப்புகள் நெடுங்காலம் ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே ஏற்றன. பிற எழுத்துகளைத் தலைப்பில் கொண்டுவர ஆர்எஃப்சி 2047 (1996) வழிசெய்தது. பெயரை பேஸ்64 முறையிலோ ‘கியூ’ முறையிலோ ஆஸ்கியாக மாற்றி, முன்னே =? என்றும் பின்னே ?= என்றும் இட்டு எழுத வேண்டும். இது குறியேற்றிய சொல் எனப்படும். ஒரு குறியேற்றிய சொல்லின் நீளம் 75 எழுத்துகளைத் தாண்டக் கூடாது.

தமிழுக்கு இந்த வரம்பு நெருக்கமானது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள் எடுக்கும். எல்லைக் குறிகளும் எழுத்துருமுறையின் பெயரும் 12 இடங்களைப் பிடித்துக்கொள்ள, எஞ்சுவது 63. கியூ முறையில் ஒரு பைட்டுக்கு மூன்று இடம் வேண்டும். ஆகவே ஏழு தமிழ்க் குறியீடுகளே அடங்கும். கயல்விழி என்ற பெயர் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சேர்த்து எட்டுக் குறியீடுகள். அது ஒரு சொல்லில் அடங்காது. பேஸ்64 முறையில் 45 பைட்டுகள், அதாவது 15 குறியீடுகள் அடங்கும். தமிழ்ப் பெயர்களுக்கு பேஸ்64 ஏற்றது என்பது இதனால் விளங்கும்.

நீண்ட பெயரைப் பல சொற்களாக உடைக்கும்போது ஓர் எழுத்தின் பைட்டுகளை இரு சொற்களுக்குப் பங்கிடக் கூடாது என்றும் விதி உண்டு. முழுவதும் தமிழாக இருந்தால் 45 மூன்றால் வகுபடுவதால் தவறு வெளியே தெரியாது. முதலெழுத்துக்குப் பின் ஒரு புள்ளியும் ஒரு வெற்றிடமும் வந்தால் கணக்கு இரண்டு பைட்டு நகர்ந்து, வெட்டு எழுத்தின் நடுவில் விழும். பெயரின் நடுவே கேள்விக்குறி பொதிந்த கட்டம் தோன்றுவது இதனால்தான். அடுத்தடுத்த குறியேற்றிய சொற்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தைப் படிக்கும் நிரல் நீக்கிவிட வேண்டும். நீக்காவிட்டால் பெயர் இரண்டாகப் பிளந்து தெரியும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வரிசை. முதலில் பாகுபடுத்த வேண்டும், பிறகே குறியிறக்க வேண்டும். குறியிறக்கிய பெயருக்குள் காற்புள்ளியோ கோண அடைப்போ @ குறியோ இருக்கலாம். அவை வெறும் எழுத்துகள், பிரிப்பான்கள் அல்ல. வரிசையை மாற்றினால் பெயருக்குள் ஒளிந்திருந்த குறி ஒரு புதிய முகவரியை உண்டாக்கிவிடும். மேலும் குறியேற்றிய சொல் காட்சிப் பெயரிலும் கருத்துரையிலும் மட்டுமே வரலாம். முகவரியின் எப்பகுதியிலும் வரக் கூடாது, மேற்கோளுக்குள்ளும் வரக் கூடாது.

சுருங்குறித்தொடர்களின் எல்லை

ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் சுருங்குறித்தொடரால் முகவரியைச் சரிபார்ப்பது நிரலாளர்களின் நெடுநாள் ஆசை. 1997இல் வெளியான ஜெஃப்ரி ஃப்ரீடலின் ‘மாஸ்டரிங் ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்’ நூல், இதற்காக ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட ஒரே தொடரைக் கட்டிக் காட்டியது. அத்தொடரும் எல்லையற்ற ஆழத்துக்குச் செல்லும் கருத்துரைகளைக் கையாளாது. அடைப்புக்குள் அடைப்பாக எத்தனை அடுக்கு வந்தாலும் எண்ணிக்கொண்டே போவது செந்நெறிச் சுருங்குறித்தொடரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது.

சிக்கலான தொடர்கள் வேறொரு கேட்டையும் கொண்டுவருகின்றன. பெர்ல் மொழியின் ஈமெயில்::அட்ரஸ் நிரல்கூறில், உள்ளடங்கிய அடைப்புகள் நிறைந்த ஒரு சரத்தைக் கொடுத்தால் கணினி நெடுநேரம் அதிலேயே உழன்று நின்றது. இது 2015இல் சிவிஇ எண் பெற்றது. ஒரே ஓர் அஞ்சலால் வழங்கியை முடக்க அது போதுமானதாக இருந்தது.

எச்டிஎம்எல் தரம் நேர்மையான ஒரு வழியைத் தேர்ந்தது. படிவங்களில் மின்னஞ்சல் பெட்டிக்கு அது வகுத்த விதி கருத்துரைகளையும் மேற்கோள்களையும் ஏற்பதில்லை. ஆர்எஃப்சி 5322ஐ வேண்டுமென்றே மீறுவதாக அத்தரமே எழுதி வைத்துள்ளது. படிவத்தில் ஒருவர் தம் முகவரியைத் தட்டச்சு செய்வதற்கு இது போதும். வந்துசேர்ந்த அஞ்சலின் தலைப்பைப் படிப்பதற்கு இது போதாது. இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பதை மறப்பதிலிருந்தே பல குழப்பங்கள் தொடங்குகின்றன.

ட்சாப் நிகழ்வு

2019 ஏப்ரலில் பிரான்சு அரசு தன் அதிகாரிகளுக்கென ட்சாப் என்ற செய்திச் செயலியை வெளியிட்டது. மேட்ரிக்ஸ் என்ற திறந்த நெறிமுறையின் மேல் அது கட்டப்பட்டிருந்தது. அரசின் ஆள்களப் பெயரில் முடியும் மின்னஞ்சல் முகவரி உள்ளவர் மட்டுமே கணக்குத் தொடங்கலாம். அம்முகவரிக்கு வரும் உறுதிப்படுத்தும் அஞ்சலைத் திறந்து இணைப்பைச் சொடுக்க வேண்டும். ஏற்பாடு முறையானதாகவே தோன்றியது.

எலியட் ஆல்டர்சன் என்ற புனைபெயரில் இயங்கும் பாதுகாப்பு ஆய்வாளர் ராபர்ட் பாப்டிஸ்ட், ஆதார் செயலியின் குறைகளைச் சுட்டியதன் மூலம் இந்தியாவிலும் அறியப்பட்டவர். அவர் தம் சொந்த முகவரியை எழுதி, அதன் பின்னே மற்றோர் @ குறியும் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மாளிகையின் ஆள்களப் பெயரும் சேர்த்து விண்ணப்பித்தார். உறுதிப்படுத்தும் அஞ்சல் அவருடைய சொந்தப் பெட்டிக்கே வந்தது. மாளிகை ஊழியர் என்ற மதிப்போடு அவர் உள்ளே சென்றார். உடனே உரியவர்களுக்குத் தெரிவித்தார். குறை விரைவாகத் திருத்தப்பட்டது.

நடந்தது இதுதான். மேட்ரிக்ஸின் அடையாள வழங்கியான சைடென்ட், முழுச் சரத்தின் முடிவைப் பார்த்து, அது அனுமதிக்கப்பட்ட ஆள்களப் பெயர் என்று ஏற்றது. அஞ்சல் அனுப்பும்போதோ அதே சரத்தைப் பைத்தான் மொழியின் பார்ஸ்அட்ர் செயற்கூறிடம் கொடுத்தது. அந்தச் செயற்கூறு முகவரியில் இரண்டு @ குறிகள் இருப்பதைப் பிழை என்று சொல்லாமல், முதல் முகவரியை மட்டும் எடுத்து, மீதியைச் சத்தமின்றிக் கைவிட்டது. சரிபார்த்தது ஒரு முகவரி, அனுப்பியது வேறொரு முகவரி. தனித்தனியே பார்த்தால் இரண்டு படிகளும் குற்றமற்றவை போலவே தோன்றும்.

சைடென்டின் குறைக்கும் பைத்தானின் குறைக்கும் 2019இலேயே தனித்தனி சிவிஇ எண்கள் தரப்பட்டன. பைத்தான் திருத்தப்பட்டு, இத்தகைய சரத்துக்கு வெற்று விடை தரத் தொடங்கியது. கதை அத்துடன் முடியவில்லை. 2023இல் அதே செயற்கூறு, சிறப்புக் குறிகள் கலந்த வேறு சில சரங்களிலும் தவறான பகுதியை முகவரியாகக் கொள்வது கண்டறியப்பட்டது. அதற்கான முதல் திருத்தம், மேற்கோளுக்குள் காற்புள்ளி உள்ள செல்லத்தக்க பெயர்களையும் தள்ளியதால் திரும்பப் பெறப்பட்டது. பிறகு கண்டிப்பான முறையில் படிப்பதையே இயல்பாகக் கொண்டு, தேவைப்படுவோர் அதைத் தளர்த்திக்கொள்ளும் வகையில் இரண்டாம் திருத்தம் வந்தது. முருகன் என்ற செயலாளரையும் காக்க வேண்டும், ஊடுருவுபவரையும் தடுக்க வேண்டும் என்பதே அதன் இக்கட்டு.

பிற பாதுகாப்புச் சிக்கல்கள்

2017 டிசம்பரில் மெயில்ஸ்பிளாய்ட் என்ற பெயரில் வெளியான குறைகள், குறியேற்றிய சொற்களைச் சார்ந்தவை. அனுப்புநர் தலைப்பில் வரிமுறிவையும் சுழிய எழுத்தையும் குறியேற்றி ஒளித்துவைத்தால், பல அஞ்சல் செயலிகள் குறியிறக்கியபின் அந்த இடத்தோடு சரத்தை வெட்டிவிட்டன. திரையில் தெரிந்தது போலி முகவரி. வழங்கி சரிபார்த்ததோ அதன் பின்னே இருந்த உண்மையான ஆள்களப் பெயர்.

அனுப்புநரின் நம்பகத்தைச் சோதிக்கும் டிமார்க் முறை, அனுப்புநர் தலைப்பில் உள்ள ஆள்களப் பெயரையே அடிப்படையாகக் கொள்கிறது. ஒரு மின்னஞ்சலில் அனுப்புநர் தலைப்பு ஒன்றே இருக்க வேண்டும். இரண்டு இருந்தால்? சில வழங்கிகள் முதலாவதைச் சோதித்தன. சில செயலிகள் இரண்டாவதைக் காட்டின. இத்தகைய முரண்களைப் பயன்படுத்தி அனுப்புநர் சோதனையை ஏமாற்றும் பதினெட்டு வகைத் தாக்குதல்களைச் சியான்சுன் சென், வெர்ன் பாக்சன், சியான் சியாங் ஆகியோர் 2020ஆம் ஆண்டின் யூஸ்நிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் விளக்கினர்.

2024இல் போர்ட்ஸ்விக்கர் நிறுவனத்தைச் சேர்ந்த கேரத் ஹேய்ஸ், சில நூலகங்கள் முகவரியின் உள்ளகப் பகுதியிலும் குறியேற்றிய சொற்களை இறக்கிவிடுகின்றன என்று காட்டினார். ஆர்எஃப்சி 2047 வெளிப்படையாகத் தடுத்த செயல் இது. பதிவுப் படிவம் ஓர் ஆள்களப் பெயரைக் கண்டு ஏற்க, குறியிறங்கிய சரம் அஞ்சலை வேறிடத்துக்குக் கொண்டுபோனது. ட்சாப் நிகழ்வின் அதே எலும்புக்கூடு, வேறு சட்டையோடு.

இவை எதுவும் இன்றி, வெறும் காட்சிப் பெயரைக் கொண்டே ஏமாற்றுவதும் உண்டு. மேலாளரின் பெயரையோ அவருடைய முகவரியையோ காட்சிப் பெயராக எழுதி அனுப்பினால், கைப்பேசியின் சிறு திரையில் அது மட்டுமே தெரியும். இங்கே பாகுபடுத்தி தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. தவறு, கிடைத்த விடையில் பாதியை மறைத்துக் காட்டும் திரையமைப்பில் உள்ளது.

தமிழ் முகவரிகள்

2012 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 6530 முதல் 6533 வரையிலான ஆவணங்கள், குறியேற்றம் இல்லாமலே யூடிஎஃப்-8 எழுத்துகள் தலைப்பிலும் முகவரியிலும் வரலாம் என்றன. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய மேல்நிலை ஆள்களப் பெயர்கள் இருப்பதால், முழுவதும் தமிழிலேயே முகவரி அமைப்பது இன்று இயலும். ஆனால் அஞ்சல் கடந்து செல்லும் ஒவ்வொரு வழங்கியும் இந்த நீட்சியை ஏற்க வேண்டும். ஆள்களப் பெயரைப் பியூனிகோடு முறையில் ஆஸ்கியாக மாற்றிவிடலாம்; உள்ளகப் பகுதிக்கு அத்தகைய மாற்று வடிவம் இல்லை. 64 பைட்டு என்ற வரம்பும் மாறவில்லை. ஆகவே தமிழில் உள்ளகப் பகுதி 21 குறியீடுகளுக்குள் அடங்க வேண்டும்.

ஒருங்குறி இங்கே ஒரு புதிய சிக்கலைத் தருகிறது. கொடி என்ற சொல்லின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; எகரக் குறியையும் ஆகாரக் குறியையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். ஒருங்குறியின்படி இரண்டும் சமம், பைட்டுகளில் வேறு. பைட்டுகளை ஒப்பிடும் நிரலுக்கு கொடி என்பவர் இரண்டு ஆட்கள் ஆகிவிடுவார். ஆர்எஃப்சி 6532 இதற்கு என்எஃப்சி என்ற இயல்பாக்க வடிவத்தைப் பரிந்துரைக்கிறது. ஔகாரக் குறியும், எகரக் குறியோடு ளகரம் சேர்ந்ததும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரிவது வேறு வகை. அவை ஒருங்குறியில் சமம் அல்ல, இயல்பாக்கம் அவற்றை ஒன்றாக்காது. ஒத்த தோற்றமுள்ள முகவரியை வைத்து ஏமாற்ற நினைப்பவருக்குத் தமிழிலும் வழி உண்டு என்பதே இதன் பொருள்.

நிரல் எழுதுவோர் கையாளும் முறைகள்

பாகுபடுத்தியைப் புதிதாக எழுதுவதைவிட, மொழியோடு வரும் நூலகத்தைப் பயன்படுத்துவதே பெரும்பாலும் நல்லது. ஆனால் எந்த நூலகமும் முழு இலக்கணத்தை ஏற்பதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. கோ மொழியின் நெட்/மெயில் நிரல்தொகுதி வழக்கொழிந்த முகவரி வடிவங்களைப் படிப்பதில்லை, ஒருங்குறி இயல்பாக்கமும் செய்வதில்லை என்று தன் ஆவணத்திலேயே சொல்கிறது. பைத்தானில் பார்ஸ்அட்ர் தவிர, 3.3 பதிப்பில் அறிமுகமான புதிய தலைப்புப் பாகுபடுத்தியும் உள்ளது. அது காட்சிப் பெயர், உள்ளகப் பகுதி, ஆள்களப் பெயர் ஆகியவற்றோடு, படிக்கும்போது கண்ட குறைகளின் பட்டியலையும் தருகிறது. அப்பட்டியலைப் பார்க்காமல் விடைகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் நிரல்களே மிகுதி.

அணுகல் உரிமை முகவரியைச் சார்ந்திருக்கும் இடங்களில் நடைமுறை இதுவாக உள்ளது: வந்த சரத்தை ஒரே முறை பாகுபடுத்தி, கிடைத்த உறுப்புகளை மட்டும் சேமித்து, சரிபார்ப்புக்கும் அஞ்சல் அனுப்பலுக்கும் அதே உறுப்புகளைப் பயன்படுத்துவர், மூலச் சரத்தை மறுபடி தொடுவதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட @ குறி, குறியேற்றிய சொல், கருத்துரை, கட்டுப்பாட்டு எழுத்து ஆகியவற்றில் எது முகவரிக்குள் இருந்தாலும் மறுத்துவிடுவர். இலக்கணப்படி செல்லத்தக்க முகவரி உடைய ஓரிருவர் இதனால் வெளியே நிற்க நேரலாம். பழைய அஞ்சல் தொகுப்பைப் படிக்கும் நிரலுக்கு இந்தக் கண்டிப்பு பொருந்தாது. அங்கே புரியாத முகவரியைத் தள்ளிவிடாமல், மூலச் சரத்தை அப்படியே காட்டிவிடுவதே வழக்கம்.